கதிர்க்கட்டும் கிளியும்

அந்த அம்மனின் வலப்பக்கத்தில் ஒரு கேப்பைக் கதிர்க்கட்டு இருந்தது. இடது தோளுக்கு மேலே ஒரு கிளி. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகும் சாலையில் பாதி வழியில் இறங்கி, ஏரிக்கரை மேலேயே நடந்தால் வரும் சிற்றூர் அது. என் தங்கையை அங்கேதான் கொடுத்திருந்தோம். ஊரில் யாரைக் கேட்டாலும் அம்மனைப் பற்றி இந்த இரண்டைத்தான் முதலில் சொல்வார்கள். கதிர்க்கட்டு வைத்திருக்கிறாள், அதனால் விளைச்சல் தருவாள். கிளி வைத்திருக்கிறாள், அதனால் பேச்சு வராத பிள்ளைக்குப் பேச்சு தருவாள். பெரிய வயிற்றோடு கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கல் உருவத்தைக் கர்ப்பிணி என்றே எல்லோரும் நம்பினார்கள். பிள்ளையில்லாத பெண்கள் அவள் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி வேண்டிக்கொள்வார்கள். எத்தனையோ தலைமுறை எண்ணெய் கறுத்து இறுகி, அவள்மேல் ஒரு தோலைப் போலவே படிந்திருந்தது.

என் தங்கையும் அப்படித் தடவியவள்தான். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. 'இன்னொரு பெண் பார்க்கலாமா' என்ற பேச்சு அந்த வீட்டில் எழுந்து அடங்கிய பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அம்மன் பெயரையே வைத்தார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அம்மனிடம் வேண்டிப் பிறந்த பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டு நிலத்தில் ஆடி விதைப்பின் முதல் பிடியை அதுதான் போட வேண்டும். என் தங்கை மகள் நடக்கத் தொடங்கிய வருஷமே அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், ஏர்ச்சாலில் மல்லாட்டைப் பருப்பை, அதாவது வேர்க்கடலையை, போட வைத்தார்கள். விதைக்கப் பாதி, வாய்க்குப் பாதி என்று அவள் போட்டதைச் சொல்லிச் சொல்லித் தங்கையின் மாமியார் சிரிப்பார்.

நான் அப்போது திண்டிவனத்தில் சர்வேயராக இருந்தேன். சங்கிலி பிடித்து நிலம் அளந்து, எல்லைக் கல் நட்டு, படம் வரைவது வேலை. நான் நட்ட கல்லை எதிர்த்து வந்த புகார்கள் எதுவும் நின்றதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும் என்பது வேலையில் மட்டுமல்ல, வீட்டிலும் என் பழக்கம். அன்றாடம் நாட்குறிப்பு எழுதுவேன், மழை பெய்தது முதல் செருப்பு தைத்தது வரை.

அணா போய் நயா பைசா வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அந்த அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்ய ஊர் முடிவு செய்தது. ஓடு வேய்ந்த சின்ன மண்டபம்தான் அது. அதை இடித்துச் செங்கல்லில் கட்டிச் சிமெண்டு பூசுவதாகத் திட்டம். தங்கையின் மாமனார் ஊர்ப் பெரியவர்களில் ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது பேச்சை எடுத்தார்.

"தம்பி, இப்போ ஊருக்கு ஊரு கோயில் வரலாறு அச்சடிச்சுக் குடுக்கிறானுங்க. கெடார் பக்கத்துல ஒருத்தன் நேத்து வெச்ச பிள்ளையாருக்கே எட்டுப் பக்கம் போட்டிருக்கான். நம்ம ஆத்தா எம்மாம் பழசு! அவளுக்கு ஒரு பக்கமாச்சும் இல்லன்னா மானம் போவாதா? நீங்க எழுதிக் குடுங்க."

"எனக்கு அதெல்லாம் பழக்கம் இல்லையே, மாமா."

"யாரு, உங்களுக்கா? நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

பக்கத்தில் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த தங்கையின் கணவர் சும்மா இருக்கவில்லை. "மச்சான் எழுதினா, ஆத்தா எந்த சர்வே நம்பர்ல பொறந்தா, கெழக்கால எவன் நெலம், மேக்கால எவன் நெலம்னுதான் மொதல்ல போடுவாரு."

எல்லோரும் சிரித்தோம். நான் ஒப்புக்கொண்டேன்.

திருப்பணிக்காகப் பாலாலயம் செய்தார்கள். அம்மனின் சக்தியைக் கலசத்து நீரில் இறக்கி, அதை ஒரு கீற்றுக் கொட்டகையில் வைத்து விளக்கேற்றினார்கள். வேலை முடியும் வரை பூசை கலசத்துக்குத்தான். கல்லை யார் வேண்டுமானாலும் தொடலாம். வரலாறு எழுத வேண்டுமானால் உருவத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று நான் நினைத்தேன். எண்ணெய்ப் படிவுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சீயக்காய்த் தூள், தேங்காய் நார், மூங்கில் சிம்பு எல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தங்கை வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள். முதல் நாள் கறுப்பு நீராக ஓடியது. மறுநாள் வயிறும் கால்களும் தெரிந்தன. அம்மனின் இரு பக்கமும் சிறிதாக இரண்டு உருவங்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கு மாட்டு முகம். மற்றது ஓர் இளம் பெண்.

"போதும்ணா, வுடு. ஆத்தாளுக்கு வலிக்கும்" என்றாள் தங்கை.

"சக்தி கலசத்துல இருக்கும்மா. இது இப்போ வெறும் கல்லு."

"வெறும் கல்லுன்னா நீ எதுக்கு இம்மாம் மெதுவாத் தேய்க்கிறே?"

நான் அப்போது கதிர்க்கட்டின் மேல் இருந்த படிவை நீக்கிக்கொண்டிருந்தேன். கதிர்க்கட்டு என்றால் நடுவில் கட்டும், மேலே தலை சாய்ந்த கதிர்களும் இருக்க வேண்டும். இதில் ஓரத்தில் இறுக்கிக் கட்டிய பிடி இருந்தது. மற்ற முனையில் நேர் நேரான குச்சிகள். அது துடைப்பம். பிறகு தோளுக்கு மேலே இருந்த பறவைக்கு வந்தேன். கிளியின் மூக்கு வளைந்திருக்க வேண்டும். இதன் மூக்கு நீளமாக, நேராக இருந்தது.

"இது கிளி இல்லம்மா."

"தேஞ்சிருக்கும்ணா" என்று சொல்லிவிட்டு அவள் வெந்நீர்க் குண்டானை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் விழுப்புரத்தில் ஒரு வேலை இருந்தது. அங்கே ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவரைத் தெரியும். பழைய கோயில்களையும் கல்வெட்டுகளையும் தேடி நடப்பவர். நான் வரைந்துகொண்டு போன படத்தை அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "இவருக்கு இன்னொரு காப்பி கொண்டாம்மா" என்று சத்தம் போட்டார்.

"தவ்வை, தம்பி! ஜேஷ்டா தேவி! காக்கைக் கொடி, துடைப்பம், மாட்டு முகத்துப் பிள்ளை, பக்கத்துல பொண்ணு. ஒண்ணும் குறையலை. எல்லா ஊர்லயும் இவளைத் தூக்கி மதில் ஓரத்துல போட்டுட்டான். உங்க ஊர்லதான் இன்னும் கும்பிட்டுகினு இருக்காங்க. எப்பேர்ப்பட்ட விஷயம்!"

"ஜேஷ்டைன்னா, மூதேவியா?"

"அதேதான். லட்சுமிக்கு அக்கா. இன்னைக்கி அவ பேரைத் திட்டறதுக்கு வெச்சிருக்கோம். பல்லவர் காலத்துல ராஜாவே கும்பிட்டான். பிள்ளைப்பேறுக்கும் விளைச்சலுக்கும் இவகிட்டதான் போனாங்க. அப்புறம்தான் காலம் மாறிப்போச்சு."

இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளைப் போல மகிழ்ந்தோம். பிரம்மதேசத்துக் கோயில் சோழர் காலத்தது என்று பெருமை பேசுவார்கள். அதையும்விடப் பழைய ஒன்று, ஓட்டுக் கூரைக்கடியில், என் தங்கை ஊர் ஏரிக்கரையில் இருந்திருக்கிறது. ரயிலில் திரும்பி வரும்போதே மனத்துக்குள் முதல் பத்தியை எழுதிவிட்டேன்.

எழுதியது எல்லாம் இன்றும் சரி என்றுதான் சொல்வேன். இந்த அம்மன் மிகத் தொன்மையானவள். இவளுக்குத் தவ்வை என்றும் ஜேஷ்டை என்றும் பெயர். இப்போது மூதேவி என்று இகழப்படுபவள் இவளே. ஆனால் பல்லவர் காலத்தில் மன்னரும் மக்களும் மகப்பேறு வேண்டி இவளை வணங்கினர். அந்த வணக்கம் அறுந்துபோகாமல் காத்த பெருமை இவ்வூர்ப் பெண்களையே சேரும். இப்படித்தான் எழுதினேன். திண்டிவனத்தில் அச்சுக் கொடுத்து, நானே பிழை திருத்தினேன். மாமனாருக்குப் படிக்கத் தெரியாது. தங்கைக்குத் தெரியும். கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள், அச்சான தாள்கட்டை நான் பிரிக்கும்போது கையை நீட்டினாள்.

"ஒண்ணு குடுண்ணா, பாக்கிறேன்."

"நாளைக்கி மைக்ல வாசிக்கப் போறேன். அப்போ கேளு."

எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டு வியக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஒரு தாளை அவளிடம் கொடுத்திருந்தால், அன்றைக்கே அவள் என் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பாள்.

கலச நீரை அம்மன்மேல் ஊற்றி, தீபாராதனை முடிந்து, எல்லோரும் பந்தலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் தங்கையின் மாமியார். மடியில் பேத்தி. நான் மைக்கின் முன் நின்று நிதானமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். 'மிகத் தொன்மையானவள்' என்றபோது தலைகள் ஆடின. 'மூதேவி' என்ற சொல் ஒலிபெருக்கியில் ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நான் வாசித்த எதையும் யாரும் கேட்கவில்லை. பல்லவரையும் கேட்கவில்லை, தங்கள் பெருமையையும் கேட்கவில்லை. ஒரு கிழவி "அடப் பாவி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வளையல் தட்டு கொண்டுவந்திருந்த பெண்கள் அதை முந்தானையால் மூடினார்கள். தங்கையின் மாமியார் என்னைப் பார்த்தார், பிறகு மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். அவளை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் உட்கார வைத்தார். கோபத்தில் அல்ல. சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பதைப் போல, ஜாக்கிரதையாக.

நான் கடைசி வரி வரை வாசித்து முடித்தேன். அன்றைய நாட்குறிப்பில், 'வரலாறு வாசித்தேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது' என்று இருக்கிறது.

அடுத்த சில வாரங்களில் நடந்தவை எல்லாம் செவிவழியாக எனக்கு வந்தன. புதிய கோயிலுக்குள் யாரும் போகவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி, சுதையில் சிங்கத்தோடு ஒரு துர்க்கை செய்து வண்ணம் பூசி வைத்தார்கள். பழைய கல்லை மாட்டு வண்டியில் ஏற்றி, ஏரி மதகுக்குக் கீழே, கரைச் சரிவில் குப்புறப் போட்டார்கள். என் தங்கை மகளின் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் 'பாப்பா' என்றார்கள். தெருப் பிள்ளைகள் சொன்னது வேறு.

ஆடி விதைப்புக்கு நான் போனேன். மனசு கேட்கவில்லை. நிலத்தில் ஏர் பூட்டி நின்றது. தங்கை மகளுக்கு விவரம் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் போல வரப்பில் நின்று கையை நீட்டினாள். மாமியார் விதைக் கூடையோடு அவளைத் தாண்டிப் போய், பெரிய மகன் வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, "நீ போடுடா ராஜா" என்றார். குழந்தை நீட்டிய கையை மடக்கவில்லை. தன் முறை பின்னால் வரும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. மூன்றாம் சால் ஓட்டும் வரை அப்படியே நின்றாள். தங்கை வந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

நான் மாமியாரிடம் போனேன். "அத்தை, குழந்தை என்ன செய்தது?"

"கொளந்தை மேல எனக்கு இன்னா கோவம், தம்பி? அவளைத் தூக்கி வளத்தவ நான்தான். ஆனா வெதையாச்சே. நீங்கதான தம்பி வாசிச்சீங்க?"

திரும்பும்போது தங்கை ஏரிக்கரை வரை கூட வந்தாள்.

"அண்ணா, மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. தப்பா எழுதிட்டேன்னு."

"எழுதினது தப்பில்லையேம்மா. இல்லாததை எப்பிடிச் சொல்றது?"

"இல்லாததைச் சொல்ல வேணாம். எனக்குச் சரியாத் தெரியலைன்னு சொல்லு. அதுகூட உனக்குப் பொய்யா?"

துடைப்பத்தையும் காக்கையையும் என் கையால் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்? அப்படித்தான் அப்போது நினைத்தேன். "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவள் கரை மேலேயே நின்றாள். பஸ் திரும்பும் வரை தெரிந்தாள்.

யோசித்து முடிக்க எனக்கு அடுத்த விதைப்பு வரை ஆயிற்று. அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து, மல்லாட்டை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பையன் கை ராசி என்று ஊரே சொன்னது. விளைச்சல் கெட்டிருந்தால் என் தங்கைக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

மாமனார் களத்தில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். "மாமா, அந்த வரலாற்றுல நான் தப்புப் பண்ணிட்டேன்னு தோணுது. அது ஜேஷ்டையா இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை."

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார்.

"தம்பி, இந்தச் சுத்து வட்டாரத்துல நீங்க அளந்து நட்ட கல்லை ஒருத்தனாச்சும் அசைச்சிருக்கானா? கோர்ட்டுக்குப் போனவன்கூட உங்க அளவுதான் சரின்னு திரும்பி வந்தான். உங்க வாயில தப்பு வராது தம்பி. தங்கச்சி அழுதா, அதுக்காகச் சொல்றீங்க. கூடப் பொறந்த பாசம், நான் குத்தமா எடுத்துக்கல. வாங்க, மோரு குடிங்க."

மோரைக் குடித்தேன். வாழ்நாளில் அந்த ஒரு முறை அளவைப் பிசகிச் சொன்னேன், அதை நம்ப ஆள் இல்லை. ஒரு வருஷம் முன்னால், பையன் கையால் அந்த விதை முளைப்பதற்கு முன் சொல்லியிருந்தால், ஒருவேளை நம்பியிருப்பார்.

பள்ளியில் சேர்க்கும்போது தங்கை மகளுக்கு வேறு பெயர் கொடுத்தார்கள். என் தங்கை அதைப் பற்றி எனக்கு எழுதவில்லை. தீபாவளிக்குப் போனபோது தெரிந்துகொண்டேன். அவள் என்னிடம் சண்டை போட்டதே இல்லை. சோறு போடுவாள், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்பாள், உட்கார்ந்து பேச மட்டும் மாட்டாள்.

சில வருஷம் கழித்து மாமனார் காலமானார். தங்கையின் கணவரும் அவர் அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மதகுக்குக் கீழே அவர்களுக்கு ஒரு நிலம் உண்டு. குப்புறக் கிடந்த கல் அதன் வரப்பை ஒட்டித்தான் இருந்தது. அதற்குப் பயந்து, அறுப்புக்கு அந்த நிலத்துக்கு ஆள் வராது. அண்ணன்காரர் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். அதை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு மேட்டு நிலத்தில் கூடுதலாகக் கொடுக்கலாமே என்று நான் கேட்டுப் பார்த்தேன். தங்கைதான் உள்ளிருந்து வந்து, "எங்களுக்கு அதையே குடுத்துடுங்க" என்றாள். தங்கையின் கணவர் அவளைப் பார்த்தார். பிறகு, "சரி, அவ சொன்னா சரி" என்றார். குடும்பத்துக்குள்ளே அளந்துகொள்வதற்காக நானே சங்கிலியை இழுத்தேன்.

அந்த ஆடியில் அவர்கள் தனியாக விதைத்த நாளில் போனேன். தங்கையும் கணவரும் கடப்பாரை போட்டுக் கல்லை நிமிர்த்தி, வரப்போரம் நட்டிருந்தார்கள். தங்கை மகளுக்கு அப்போது பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறும் வயது. தாயும் மகளுமாக அம்மனுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சில மாதங்களாகவே தேய்க்கிறார்கள் என்று கண்டேன். துடைப்பத்தின் குச்சிகள் எண்ணெய்ப் படிவில் மழுங்கத் தொடங்கியிருந்தன.

தங்கை மகள் அம்மனின் தோளுக்கு மேலே விரலை வைத்து, "மாமா, இது இன்னா, சொல்லு?" என்றாள்.

தங்கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கிளி" என்றேன்.

"போ மாமா, காக்கா. அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. தெனம் மொதல் சோறு காக்காவுக்குத்தான வைக்கிறோம், அப்புறம் இன்னா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கிண்ணத்தில் எண்ணெய் மிச்சம் இருந்தது. நான் குனிந்து விரலைத் தோய்த்தேன். தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தொடாதண்ணா. நீ கைய வெச்சா கழுவிட்டுத்தான் வுடுவே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பல வருஷத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் கிண்டல் அது. கையை மட்டும் விடவில்லை. என் விரலில் இருந்த எண்ணெயைத் தன் முந்தானையால் துடைத்த பிறகுதான் விட்டாள்.

தங்கையின் கணவர் ஏரைப் பிடித்தார். பெண் முதல் பிடியை எடுத்துக்கொண்டு சாலில் இறங்கினாள். இப்போது வாயில் போட்டுக்கொள்ளவில்லை. பருப்பை ஒவ்வொன்றாக, இடம் பார்த்துப் போட்டுக்கொண்டு போனாள். நான் கரைமேல் ஏறி நின்று பார்த்தேன். நிலத்தின் கீழ்ப்பாதி முழுவதும் மண்ணில் வெள்ளை பூத்திருந்தது. உவர். அங்கே ஒன்றும் முளைக்காது என்று அளக்கும்போதே எனக்குத் தெரியும். அவள் அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.